உப்பு போதுமா படத்துக்குப் பதினேழு மார்க்

தம்பி, அந்த சீட்டுக்கு ஆள் வருது. பை வச்சிருக்கேன் பாருங்க, அது என் பைதான். எங்க வீட்டம்மா வருவா. நீங்க வேற எங்கயாவது... என்ன, டிக்கெட்டைக் காட்டுறீங்க? குடுங்க பாப்போம். எச் பன்னெண்டு. அட, எச் பன்னெண்டேதான். இந்தத் தியேட்டர்ல எப்பவும் இதே கூத்து. ஒரே நம்பரை ரெண்டு பேருக்குக் கிழிச்சுக் குடுத்துடுறான். சரி, உக்காருங்க. அவ வந்ததும் டார்ச் அடிக்கிற ஆளைக் கூப்பிட்டு உங்களுக்கு வேற எடம் கேட்டுக்கலாம். இன்னும் விளம்பரமே ஆரம்பிக்கல.

என் மூஞ்சையே பாக்குறீங்க. ஃபோன்ல பாத்திருப்பீங்க. மார்க் சார். அதே மார்க் சார்தான். நிஜப் பேரு சிகாமணி. அந்தப் பேரு இப்ப ரேஷன் கார்டுல மட்டும்தான் இருக்கு.

வேற ஒண்ணும் இல்ல தம்பி. முதல் நாள் முதல் காட்சி விட்டு வெளிய வந்தா, மைக்கை நீட்டிக்கிட்டு சேனல் பசங்க நிப்பானுங்க இல்ல, படம் எப்படி சார், படம் எப்படி சார்னு. எல்லாரும் சூப்பர், செம, ஃபேமிலியோட பாக்கலாம்னு கத்திட்டு பார்க்கிங்குக்கு ஓடுவான். நான் முப்பது வருஷம் கணக்கு வாத்தியார். எனக்கு அப்படிக் கத்த வராது. ஒரு நாள் ஒரு பையன் மைக்கை நீட்டினான். நூத்துக்கு இருபத்திரெண்டுன்னு சொல்லிட்டு, எங்கெங்க மார்க்கைக் கொறச்சேன்னும் சொன்னேன். மறுநாள் ஊரே பாத்திருக்கு. அதுலருந்து வெள்ளிக்கிழமை ஆச்சுன்னா எனக்காகக் காத்துக்கிட்டு இருப்பானுங்க. டைரக்டருங்க எல்லாம் பயப்படுவான்னு ஒருத்தன் சொன்னான். பயப்படட்டும். பரிட்சைன்னா பயம் இருக்கணும்.

அந்த இருபத்திரெண்டு வாங்கின படம் எது தெரியுமா, 'அப்பாவின் குடை'. பொண்ணு உள்ள பரிட்சை எழுதுது, அப்பன்காரன் வெளிய மழையில குடையைப் பிடிச்சுக்கிட்டு மூணு மணி நேரம் நிக்கிறான். தானும் நனைஞ்சுக்கிட்டு, குடையையும் விரிக்காம. பொண்ணு வந்ததும் விரிக்கிறானாம். தியேட்டர்ல எல்லாம் மூக்கை உறிஞ்சுறாங்க. நான் கேக்குறேன், அவன் வேலைக்குப் போகலையா? அவனுக்கு லீவு யார் குடுத்தா? என் பொண்ணுக்கும் ப்ளஸ் டூ பரிட்சை வந்துச்சு. கணக்குப் பரிட்சை அன்னைக்குக் காய்ச்சல். மாத்திரையைப் போட்டுக்கிட்டு பஸ்ல போன்னு சொன்னேன். போனா. தொண்ணூத்தொண்ணு வாங்கினா. பாத்தீங்களா, குடை இல்லாமலே தொண்ணூத்தொண்ணு. மார்க் ஷீட்டைக் கொண்டாந்து நீட்டினப்ப ஒரே கேள்விதான் கேட்டேன், மீதி ஒம்பது எங்க போச்சுன்னு. ரெண்டு நாள் சாப்பிடாம இருந்தா. பசிச்சா சாப்பிடுவான்னு விட்டுட்டேன். அப்புறம் சாப்பிட்டா. இதெல்லாம் படமா எடுக்க மாட்டானுங்க, ஏன்னா இதுல அழறதுக்கு எடமே இல்ல.

தேன்மொழின்னு பேரு. அவ கதைக்கு வரேன்.

இன்னொண்ணு, 'தாய்வீட்டுத் தாம்பாளம்'. முப்பத்தொண்ணு. நடிப்புக்காகப் போட்டது. கதாநாயகிக்கு அம்மா சீரியஸ்னு சேதி வருது. அடுப்புல பால் பொங்குது, செருப்புக்கூட போடாம ஓடுறா. பஸ் கிடைக்கல, லாரியில ஏறுறா, வயல்ல விழுந்து எந்திரிக்கிறா. கரெக்டா போய்ச் சேர்றா, கரெக்டா மடியில தலையை வைக்கிறா, கரெக்டா உசுரு போவுது. நான் சிரிச்சுட்டேன் தம்பி. சத்தமாவே சிரிச்சேன். முன் சீட்டுல ஒரு பொம்பளை திரும்பி என்னை முறைச்சா.

எங்க மாமியார் வந்தவாசியில போய்ச் சேர்ந்தாங்க. காலையில பத்து மணிக்கு ஃபோன். அப்ப எனக்குப் பேப்பர் திருத்துற நேரம், வீட்டுக்கு ரெண்டு பேர் மத்தியானம் சாப்பிட வர்றாங்க, ஹெட்மாஸ்டர் ஒருத்தர். நான் பதட்டப்படல. மங்கைன்னு கூப்பிட்டேன். மங்கையர்க்கரசி, எங்க வீட்டம்மா. போனவங்க போயிட்டாங்க, நீ ஓடிப் போய் என்ன எழுப்பவா போறே, சமைச்சு வச்சுட்டு மூணு மணி பஸ்ஸைப் பிடின்னு சொன்னேன். சமைச்சா. சாம்பார், ரசம், ஒரு கூட்டு. கஞ்சி வடிக்கும்போது இடது கையில கொட்டிக்கிட்டா, மணிக்கட்டுலருந்து இந்த அளவுக்குத் தோல் உரிஞ்சு போச்சு. அதோட பரிமாறினா. பக்கத்துல நின்னு, எப்பவும் கேக்குற மாதிரி, உப்பு போதுமான்னு கேட்டா. ஹெட்மாஸ்டருக்கு விஷயமே தெரியாது. சாப்பாடு பிரமாதம்னுட்டுப் போனார். அவ வந்தவாசியில போய் இறங்கும்போது பொணத்தை எடுத்துட்டாங்களாம். திரும்பி வந்தா, அடுப்பைப் பத்த வச்சா. இதான் தம்பி வாழ்க்கை. லாரி கிடையாது, பாட்டு கிடையாது.

ஆஸ்பத்திரிப் படம் ஒண்ணு வந்துச்சே, 'பதினொண்ணாம் வார்டு'. பொண்டாட்டிக்கு ஆபரேஷன். புருஷன் கட்டிலுக்குக் கீழயே படுத்துக் கிடக்குறான், தலை சீவி விடுறான், சின்னக் குழந்தைக்கு மாதிரி கஞ்சி ஊட்டுறான். பன்னெண்டு மார்க். டாக்டர் இருக்காரு, நர்ஸ் இருக்காங்க, இவன் எதுக்கு? மங்கைக்கு கர்ப்பப்பை எடுத்தப்ப நான் மேட்னி பாத்துட்டுத்தான் போனேன். ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல உக்காந்திருந்தா என்ன பண்ணப் போறேன், கத்தியை நானா பிடிக்கப் போறேன்? சாயங்காலம் போனேன். கண்ணைத் திறந்ததும் அவ கேட்டது என்ன தெரியுமா? சாப்பிட்டீங்களான்னு. அதுதாங்க சம்சாரம். அந்தப் படத்துல அந்த மாதிரி ஒரு வசனம் உண்டா? எழுதத் தெரியாது அவனுங்களுக்கு.

இப்ப பாருங்க, விளம்பரம் போட்டுட்டான். இன்னும் அவளைக் காணோம். வருவா. நானே வாசல்ல நிக்கலாம்னு பாத்தேன், அப்புறம் எதுக்கு நிக்கணும்னு உள்ள வந்துட்டேன். சீட் நம்பர் அவகிட்ட இருக்கு. மச்சான் தண்டபாணி கையிலதான் டிக்கெட்டைக் குடுத்து அனுப்பினேன். அவ தம்பி. நேர்ல கொண்டு போய்க் குடுத்துட்டேன் மாமான்னு சொன்னான். வாங்கிக்கிட்டாளான்னு கேட்டேன். வாங்கிக்கிட்டான்னான். வாங்கிக்கிட்டான்னா வருவான்னுதானே அர்த்தம்?

அவ இப்ப வீட்டுல இல்ல. பொண்ணு வீட்டுல இருக்கா, வளசரவாக்கத்துல. அதைத்தான் சொல்ல வந்தேன்.

தேன்மொழி காலேஜ் முடிச்சுட்டு சினிமாவுக்குப் போறேன்னா. நடிக்கவான்னு கேட்டேன். இல்ல, உதவி டைரக்டர்னா. டீ வாங்கிக் குடுக்குற வேலைக்கு டிகிரி எதுக்குன்னு கேட்டேன். பொட்டியை எடுத்துக்கிட்டா. நான் தடுக்கல. படி இறங்கும்போது ஒண்ணு மட்டும் சொன்னேன், திரும்பி வர்றதா இருந்தா கேட்டைத் தட்டாத, தெருவுலருந்து ஃபோன் பண்ணு, தொறக்குறதா வேணாமான்னு யோசிச்சுச் சொல்றேன்னு. எட்டு ஒம்பது வருஷம் வரல. அவ அம்மாகூடப் பேசிக்கிட்டுதான் இருந்திருக்கா, எனக்குத் தெரியாம. போன தை மாசம் கேட்டுக்கு வெளிய நின்னு ஃபோன் பண்ணினா. நான் சொன்னதை மறக்கல பாத்தீங்களா, அந்த அளவுக்கு வளர்த்திருக்கேன். தொறந்தேன். அவ சொந்தமா ஒரு படம் எடுத்திருக்காளாம். ரெண்டு டிக்கெட்டை அவ அம்மா கையில வச்சா. ஒரு வாய் காபி குடிச்சுட்டுப் போயிட்டா.

படத்துப் பேரு 'உப்பு போதுமா'.

ஓ, பாத்துட்டீங்களா. தலையாட்டுறீங்க. எல்லாரும்தான் பாத்துட்டாங்க.

கல்யாணம் ஆனதுலருந்து எங்க வீட்டம்மா என்கூட தியேட்டருக்கு வந்தது அந்தப் படத்துக்குத்தான். அதுவரைக்கும் அவ கேட்டதும் இல்ல, நான் கூப்பிட்டதும் இல்ல. பக்கத்துல உக்காந்து தொணதொணன்னா படத்துக்கு எப்படி மார்க் போடுறது? அன்னைக்கு வந்தா. படம் முழுக்க ஒரு சத்தம் இல்ல. அழறாளான்னு திரும்பிப் பாத்தேன், அதுவும் இல்ல. திரையவே பாத்துக்கிட்டு இருந்தா.

கதை என்னன்னா, ஒரு ரேஷன் கடைக்காரன். மீசை வச்சவன். வீட்டுலயும் தராசு வச்சிருக்கான். அரிசியை எடை போட்டுத்தான் பொண்டாட்டிக்குக் குடுப்பான், பருப்பை எடை போடுவான், பொண்ணு வாங்கிட்டு வந்த கொய்யாப்பழத்தை எடை போட்டு கடைக்காரன் ஏமாத்திட்டான்னு திட்டுவான். அடிக்க மாட்டான், குடிக்க மாட்டான். எடை மட்டும் போடுவான். அந்த அம்மா தட்டு பக்கத்துல நின்னு உப்பு போதுமான்னு கேக்கும். அவன் பதில் சொல்ல மாட்டான். படம் முழுக்க அந்த அம்மாவுக்கு வசனமே அது ஒண்ணுதான்.

தண்டபாணி ஃபோன் பண்ணி, மாமா, அது நீங்கதானேங்குறான். எப்படி இருக்கு பாருங்க. எனக்கு மீசை இருக்கா? நான் வாத்தியார், அவன் ரேஷன் கடை. எங்க வீட்டுல தராசே கிடையாது. சாம்பாருக்கு, கோலத்துக்கு எப்பவாவது மார்க் போடுவேன், அது அவ திருந்தணும்னு. அதுக்கும் எடை போடுறதுக்கும் என்ன சம்பந்தம்?

என் பொண்ணு எடுத்த படம்னு நான் பாக்கல. என் கிளாஸ்ல அவ படிச்சப்பவே சலுகை காட்டினது இல்ல. வெளிய வந்தேன். மைக் எல்லாம் வந்துடுச்சு. தேன்மொழி போஸ்டர் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தா, கையைக் கட்டிக்கிட்டு, சின்னப் புள்ளையில பேப்பர் குடுக்கும்போது நிப்பாளே, அதே மாதிரி. அவளைப் பாத்துக்கிட்டேதான் சொன்னேன். நூத்துக்குப் பதினேழு.

ஏன்னு கேட்டானுங்க. சொன்னேன். முதல் தப்பு, இப்படி ஒரு அப்பன் உலகத்துல கிடையாது. எந்த மனுஷனும் கொஞ்சமாவது இளகுவான். ரெண்டாவது, அந்த அம்மாவுக்குத் தாய் செத்த சேதி வருது, அது உக்காந்து சமைக்குது. கையில கஞ்சியைக் கொட்டிக்கிட்டு விருந்தாளிக்குப் பரிமாறுது. எந்தப் பொம்பளை செய்வா? பெத்தவ செத்துட்டான்னா கரண்டியைப் போட்டுட்டு ஓட மாட்டாளா? லாஜிக்கே இல்ல. அந்த சீனுக்கு முட்டை.

என்ன தம்பி, அப்படிப் பாக்குறீங்க? நான் சொன்னேன், ஆமா. அது நடந்தது. நடந்ததுக்கு லாஜிக் தேவையில்ல. சினிமாவுக்குத் தேவை. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாமத்தான் ஜனங்க தியேட்டர்ல அழுதுக்கிட்டு உக்காந்திருக்காங்க.

மூணாவது, கிளைமாக்ஸ். அவன் சாப்பிட உக்கார்றான். அந்த அம்மா சோறு போடுது, குழம்பு ஊத்துது. அன்னைக்கு உப்பு போதுமான்னு கேக்கல. கேக்காம வாசலுக்குப் போய் செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிடுது. அவன் மெல்லுறான். மென்னுக்கிட்டே இருக்கான். படம் முடிஞ்சுது. இதெல்லாம் ஒரு முடிவா? அறுபது வயசுல ஒரு பொம்பளை வீட்டை விட்டு எங்க போவா? யார் சோறு போடுவா? இதையும் மைக்குல சொன்னேன். சுத்தி நின்ன கூட்டம் கைதட்டுச்சு. தேன்மொழி மூஞ்சி செத்துப் போச்சு. கண்ணுல தண்ணி வந்துச்சு, தொடைக்கலை. படத்துல நடிச்ச பொண்ணைவிட அவ நல்லா அழுதா, அதுக்கு வேணா அஞ்சு மார்க் கூடப் போட்டிருக்கலாம்.

அப்பத்தான் ஒரு பொடிப் பய மைக்கை மங்கை பக்கம் நீட்டினான். அம்மா, நீங்க சொல்லுங்க, படம் எப்படின்னு. நான் மைக்கைத் தள்ளினேன். அவளுக்கு என்னப்பா தெரியும், சமையல்கட்டு ஆளுன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவ அந்த மைக்கைக் கையில பிடிச்சா தம்பி. இடது கையால. பிடிச்சுக்கிட்டு சொன்னா, "எம்பொண்ணு கொஞ்சமாத்தான் காட்டியிருக்கா. மீதியைக் காட்டினா நீங்க யாரும் நம்ப மாட்டீங்க."

அவ்வளவுதான். மைக்கை அந்தப் பய கையிலயே குடுத்துட்டு, தேன்மொழிகிட்ட போனா. சேலைத் தலைப்பால அவ மூஞ்சைத் தொடச்சு விட்டா. ரெண்டு பேரும் கார்ல ஏறிட்டாங்க. ஏதோ சாப்பிடப் போறாங்கன்னு நினைச்சேன். நான் பாட்டுக்கு பஸ் பிடிச்சு வீட்டுக்குப் போய், சாப்பாடு எடுத்து வைக்க வருவான்னு உக்காந்திருந்தேன்.

படிக்காதவ. படத்தையும் வாழ்க்கையையும் போட்டுக் கொழப்பிக்கிட்டா. ஆனா அந்த வீடியோதான் ஓடுச்சு. என் பதினேழு மார்க்கைக் கேட்டு சாயங்கால ஷோவுக்கு ஆளே இல்லன்னாங்க. ஞாயித்துக்கிழமை ஹவுஸ்ஃபுல். அந்த அம்மா சொன்ன மீதி என்னன்னு பேச வந்துட்டானுங்க, ஆளாளுக்கு. என் வீட்டு வாசல்ல ஒருத்தன் கேமராவோட நின்னான். போன வாரம் இங்கயேதான், படம் விட்டு வெளிய வந்தேன். மைக் எல்லாம் இருக்கு. ஒருத்தனும் என் பக்கம் வரல. நானா போய் நாப்பத்திநாலு மார்க்னேன். ஒரு பய கேக்குறான், சார், அம்மா வரலையா, அம்மா வந்தா மட்டும் சொல்லுங்க சார்னு.

அதுக்குத்தான் டிக்கெட் அனுப்பினேன். வரட்டும். பக்கத்துல உக்காந்து படத்தைப் பாக்கட்டும். வெளிய போறப்ப அதே பசங்க மைக்கை நீட்டுவானுங்க. அன்னைக்குத் தெரியாம சொல்லிட்டேன், எங்க வீட்டுக்காரர் அப்படி இல்லன்னு ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை. சொல்லிட்டு வீட்டுக்கு வந்துடலாம். நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். மெஸ் சாப்பாடு ஒத்துக்கல தம்பி. தினம் ஒரு மாதிரி போடுறான். ஒரு நாள் கரிக்குது, ஒரு நாள் சப்புன்னு இருக்கு. தட்டை வச்சுட்டு அடுத்த டேபிளுக்குப் போயிடுறான்.

லைட்டை அணைக்கப் போறான். வந்து இருட்டுல தடவிக்கிட்டு நிக்கப் போறா. நீங்க அந்த டிக்கெட்டை எந்தக் கவுன்ட்டர்ல வாங்கினீங்க? நாளைக்கு மேனேஜரைப் பிடிச்சு ரெண்டு கேள்வி கேக்கணும். சொல்லுங்க. எந்தக் கவுன்ட்டர்?

வாங்கலையா?

வாசல்ல ஒரு அம்மா சும்மா குடுத்தாங்களா? எந்த அம்மா? எப்படி இருந்தாங்க? மெரூன் கலர் சேலையா. அவகிட்ட மெரூன் இருக்கான்னு எனக்குத் தெரியலையே. கண்ணாடி போட்டிருந்தாங்களா? டிக்கெட்டை நீட்டின கையைப் பாத்தீங்களா? இடது கை. மணிக்கட்டுல சுட்ட தழும்பு இருந்துச்சா?

இருந்துச்சா.

வாசல் வரைக்கும் வந்திருக்கா. உள்ள வர்றதுக்கு என்ன? ஏதாவது சொன்னாளா? மறைக்காம சொல்லுங்க, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன். என்ன சொன்னா?

"பக்கத்து சீட்டுல இருக்கிறவர் பேசிக்கிட்டே இருப்பார். பதில் சொல்ல வேணாம். சும்மா உக்காந்திருந்தா போதும், நான் அப்படித்தான் இருந்தேன்." அப்படியா சொன்னா? அதே வார்த்தையா?

அதான் நீங்க இவ்வளவு நேரமா வாயே திறக்கலையா?

இன்னும் வெளிய நிக்கிறாளா? ஆட்டோல ஏறினதைப் பாத்தீங்க. சரி.

யாரோ எழுதிக் குடுத்த வசனம் தம்பி அது. அவளுக்கு அப்படியெல்லாம் பேச வராது. மகதான் எழுதிக் குடுத்திருப்பா. நூத்துக்கு நான் போடுறதா இருந்தா...

லைட்டை அணைச்சுட்டான். பையை எடுத்துக்குறேன், நல்லா உக்காருங்க. அந்த சீட்டு உங்களுதுதான்.

தம்பி. படம் போடுறதுக்குள்ள ஏதாவது ஒரு வார்த்தை சொல்லுங்க தம்பி.